கடைக்குட்டியின் பிரசவம்: தற்போதைய நிலவரம்

அன்பும் மரியாதையும் கொஞ்சம் பயமும் கலந்து அத்தைக்கு எழுதுவது.

நாங்கள் எல்லோரும் நலம் என்று இந்த இடத்தில் எழுத வேண்டும். நலமாகத்தான் இருக்கிறோம், ஆனால் வீட்டில் ஒருவரும் முழுசாக விழித்திருக்கவில்லை என்பதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன். உங்கள் சர்க்கரை கட்டுக்குள் இருக்கும் என்றும், மாமாவின் முழங்கால் அவர் சொன்ன பேச்சைக் கேட்கும் என்றும் நம்புகிறேன். உங்கள் கடிதம் வந்தது. அதில் நீங்கள் கண்ட கனவும், அதற்கு நீங்களே சொன்ன பலனும், பலனுக்குக் கீழே இரண்டு கோடு போட்டு எழுதியிருந்த உத்தரவும் வந்து சேர்ந்தன.

கனவைச் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். ஒரு வெள்ளைப் பறவை. ஜன்னல் எல்லாம் திறந்து கிடந்தும் அந்தப் பக்கம் போகாமல், தரையில் இறங்கி, பெரிய மனுஷி மாதிரி நடந்து, முன்வாசல் வழியாக நம் வீட்டுக்குள் வருகிறது. ஆகவே கடைக்குட்டிக்கு இந்தத் தடவை சுகப்பிரசவம்தான், கத்தியைத் தொட விடாதே, நீ படித்தவள், டாக்டரிடம் எடுத்துச் சொல் என்கிறீர்கள். அத்தை, நான் படித்தது வானிலை. இருபத்தைந்து வருடமாக மேகத்தைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறேன். பறவை நடந்து வந்தால் என்ன அர்த்தம் என்று எங்கள் அலுவலகத்தில் விசாரித்தேன். பக்கத்து மேசைக்காரர், பறவைக்கு இறக்கையில் ஏதோ கோளாறு என்றார். சுகப்பிரசவம் என்று பெயர் வைத்தவர் நிச்சயம் ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் சொந்தக் கருத்து. அதைத் தனியாகப் பேசிக்கொள்வோம்.

உங்களுக்கு எல்லாம் அரைகுறையாக வந்து சேர்ந்திருப்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். நாலு வருடத்துக்கு முன்னால் பொடிசு பிறந்தபோது, வலி எடுத்து இரண்டு நாள் ஆகியும் குழந்தை இறங்கவில்லை. கடைசியில் குழந்தையின் இதயத்துடிப்பு குறைய, என் தங்கையைத் தள்ளுவண்டியில் வைத்து ஓட்டமாக ஓட்டிப்போய், முழு மயக்கம் கொடுத்து, வயிற்றைத் திறந்து எடுத்தார்கள். தாயும் சேயும் நலம் என்று உங்களுக்குத் தந்தி மாதிரி போன் போட்டது நான்தான். இப்போது இரண்டாவது. ஆஸ்பத்திரியில் புது டாக்டர் அம்மா; என் வயதுதான் இருக்கும், பேசும்போதெல்லாம் ஒரு ரப்பர் பேண்டை விரலில் சுற்றிக்கொண்டே இருப்பார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "போன தடவை குழந்தை முகத்தை மேல வச்சுக்கிட்டு வந்தது, அதான் மாட்டிக்கிச்சு. எல்லாக் குழந்தையும் அப்படி வராது. உங்க தையல் கீழ, குறுக்குவாட்டுல இருக்கு, நல்லா ஆறியிருக்கு. உங்களை மாதிரி நூறு பேர் முயற்சி பண்ணினா, எழுபது பேருக்குக் குறையாம தானாவே பிறந்துடும். மத்தவங்களுக்குப் பாதியில ஆபரேஷனுக்குப் போக வேண்டி வரும். பழைய தையல் விட்டுப்போறது இருநூறுல ஒருத்தருக்கு. அபூர்வம்தான், வந்தா ஆபத்து. நேரா ஆபரேஷன்னா அந்தப் பயம் ரொம்பக் குறைவு, ஆனா ஆபரேஷன் ஆபரேஷன்தான், ஆற நாளாகும், அடுத்த பிரசவத்துக்குச் சிக்கல் கூடும். உங்களுக்கு ரெண்டுமே சரியான வழிதான். எதுன்னு நீங்க சொல்லுங்க."

கடைக்குட்டி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான்தான் பேசினேன். "அந்த எழுபதுல பிழை எவ்வளவு இருக்கும், டாக்டர்?" டாக்டரின் ரப்பர் பேண்டு நின்றது. "நீங்க வானிலை ஆபீஸா?" என்றார். எப்படித் தெரியும் என்றேன். "வெளியில இப்படிக் கொட்டுது, நீங்க குடை இல்லாம வந்திருக்கீங்க" என்றார்.

இதற்குப் பிறகு நான் செய்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று மாப்பிள்ளை நினைக்கிறார். அவர் வாயைத் திறந்து சொல்வதில்லை, எனக்குத் தெரியும். சமையலறையில் பால், சோப்பு என்று எழுதிவைக்கும் கரும்பலகை இருக்கிறதல்லவா, அதில் பாலுக்கும் சோப்புக்கும் கீழே 'எழுபது' என்று எழுதினேன். எண்ணைக் கண்ணால் பார்த்தால் பதற்றம் குறையும் என்பது என் தொழில் நம்பிக்கை. மறுநாள் கடைக்குட்டிக்குக் கால் வீங்கியிருந்தது, அறுபத்தைந்து என்று மாற்றினேன். அடுத்த நாள் நன்றாகத் தூங்கி எழுந்தாள், எழுபத்திரண்டு. மாப்பிள்ளை லிஃப்ட் பழுது பார்க்கிறவர். பலகையில் எழுதியிருந்தால் அது உத்தரவு என்று பழகியவர். எண் ஏறின நாளில் ஆஸ்பத்திரிப் பையைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் வைப்பார். இறங்கின நாளில் மறுபடி மடித்துப் பையில் அடுக்குவார். பொடிசு காலையில் எழுந்ததும் பலகையைப் பார்த்துவிட்டு, "பெரியம்மா, இன்னைக்கு பாப்பா எத்தனை?" என்று கேட்க ஆரம்பித்தாள். ஒரு நாள் போய்ப் பார்த்தால் என் எண்ணை யாரோ அழித்திருந்தார்கள். அந்த இடத்தில் கடைக்குட்டியின் கையெழுத்தில், 'நானும் இந்த வீட்டில்தான் இருக்கிறேன்' என்று இருந்தது. வேடிக்கையாக எழுதியிருக்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். நான் மட்டும்தான் சிரித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது. அதை நான் சாப்பாட்டு மேசையில் வாய்விட்டுப் படித்துத் தொலைத்தேன். அன்றிலிருந்து வீடே கனவு காண்கிறது, அத்தை. ஜலதோஷம் மாதிரி ஒருத்தரிடமிருந்து ஒருத்தருக்குத் தொற்றிக்கொண்டது. பொடிசின் கனவில் பாப்பா மழைக்கோட்டு போட்டுக்கொண்டு வந்து மணி அடித்து, "செருப்பை எங்க விடறது?" என்று கேட்டதாம். ஒரு நாளைக்கு மூன்று வார்த்தை பேசுகிற மாப்பிள்ளை, தேநீரை ஆற்றிக்கொண்டே, "எனக்கும் வந்துச்சு" என்றார். எல்லோரும் தம்ளரைக் கீழே வைத்துவிட்டோம். அவர் கனவில் ஒரு லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே யாரோ மணியை அழுத்திக்கொண்டே இருக்கிறார்கள். இவர் சாவி போட்டுக் கதவை விலக்கினால் உள்ளே ஆள் இல்லை, பஞ்சு மாதிரி மேகம். அது மெதுவாக வெளியே வந்து இவர் சட்டையை நனைத்துவிட்டுப் போயிற்று. "அப்புறம்?" என்றேன். "அவ்வளவுதான்" என்றார். மூன்று வார்த்தைக் கணக்கு அன்று தாறுமாறாகிவிட்டது.

நான் கனவு காண்கிற ஆள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட எனக்கும் வந்தது. அலுவலகத்தில் நாங்கள் தினமும் ஒரு பெரிய வெள்ளை பலூனை மேலே விடுவோம். அதன் நூலில் சிறு கருவிப்பெட்டி தொங்கும். மேலே போகப் போக அழுத்தம் இவ்வளவு, வெப்பம் இவ்வளவு, ஈரம் இவ்வளவு என்று அது கீழே சொல்லிக்கொண்டே இருக்கும். கனவில் நான் நூலை விட்டேன். பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் கடைக்குட்டி உட்கார்ந்திருந்தாள், சின்ன வயதில் ஊஞ்சலில் உட்காருவாளே, அதே மாதிரி ஒரு செருப்பு மட்டும் போட்டுக்கொண்டு. மேலே மேலே போகிறாள். அழுத்தமும் வரவில்லை, வெப்பமும் வரவில்லை. என் காதில் மாட்டியிருந்த கருவியில் அவள் குரல் மட்டும் வந்தது. "அக்கா, நான் இங்க இருக்கேன்." பிறகு மேகம் மூடிவிட்டது. எழுந்து உட்கார்ந்து ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தேன். இதற்குப் பலன் எழுதி அனுப்பிவிடாதீர்கள், தயவுசெய்து.

அன்று விடுமுறை. மதியம் தூறிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையும் பொடிசும் கூடத்தில் ஆளுக்கொரு பக்கம் தூங்கினார்கள். நானும் கடைக்குட்டியும் கட்டிலில் உட்கார்ந்து, தோய்த்து வந்த சின்னச் சின்னத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தோம். கேட்க வேண்டும் என்று திட்டம் போட்டெல்லாம் கேட்கவில்லை. "ஏண்டி, எல்லாருக்கும் கனவு வருது, உனக்கு வரலையா?" என்றேன்.

"எனக்கு நாலு வருஷம் முன்னாடியே வந்துடுச்சுக்கா. இன்னும் அதுலேர்ந்து சரியா எழுந்திரிக்கல."

சொன்னாள், அத்தை. துணியை மடித்துக்கொண்டே சொன்னாள். மயக்கம் கொடுக்க முகத்தில் மூடியை வைத்தது ஞாபகம் இருக்கிறது. அப்புறம் யாரோ தூரத்தில், கிணற்றுக்கு மேலிருந்து பேசுகிற மாதிரி, பெண் குழந்தை என்கிறார்கள். தூங்கிப்போகிறாள். மறுபடி யாரோ பெண் குழந்தை என்கிறார்கள், ஓ, யாருக்கு என்று நினைத்துக்கொள்கிறாள். கண் விழித்தபோது குளித்து, பவுடர் போட்டு, துணி சுற்றி, ஒரு குழந்தை பக்கத்தில் இருக்கிறது. "வீட்டுக்கு யார் வந்தாலும் பொடிசு பிறந்த கதையைச் சொல்றீங்க. எப்படி அழுதா, தலையில எவ்வளவு முடி, நர்ஸ் என்ன சொன்னா. எல்லாரும் பார்த்திருக்கீங்க. நான் பெத்தேன், நான் மட்டும் அங்க இல்ல. அவளைப் பார்த்து, நிஜமாவே நீ என்கிட்டேர்ந்துதான் வந்தியான்னு எத்தனை நாள் கேட்டிருக்கேன் தெரியுமா? எந்த வழியா வேணா வரட்டும்க்கா. வாசலோ ஜன்னலோ. வரும்போது நான் இருக்கணும். எனக்கு உன் எழுபது வேண்டாம். நாளைக்கு என்ன ஆகும்னு சொல்லாதே. அப்பப்போ என்ன நடக்குதுன்னு யாராவது என்கிட்ட சொன்னா போதும்."

முன்னறிவிப்பு வேண்டாம், தற்போதைய நிலவரம் போதும் என்கிறாள். எங்கள் தொழிலில் அதுதான் முதல் பாடம். வெளியே என்ன வானிலை என்று பார்த்த பிறகுதான் நாளையைப் பற்றிப் பேசுவோம். நான் ஒரு சட்டையை நாலு தடவை மடித்துவிட்டேன். அது குழந்தைச் சட்டை, நாலு மடிப்புத் தாங்காது.

மறுபடி டாக்டரிடம் போனோம். இந்தத் தடவை நான் குடை எடுத்துப் போனேன், மழை இல்லை. கடைக்குட்டி தானே பேசினாள். டாக்டர் கேட்டுவிட்டு, "இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். "யாரும் கேக்கலையே" என்றாள் இவள். டாக்டர் ரப்பர் பேண்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு விளக்கினார். முன்கூட்டியே நாள் குறித்து ஆபரேஷன் செய்தால் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும்தான் மரத்துப்போகும். முழித்துக்கொண்டே இருக்கலாம், அழுகையைக் கேட்கலாம், உடனே பார்க்கலாம். தானாக வலி வந்தாலும் முழிப்புத்தான். பாதியில் ஆபரேஷன் என்று ஆனாலும் பெரும்பாலும் முழித்தே இருக்கலாம். ரொம்ப அவசரமானால் மட்டும்தான் போன தடவை மாதிரி. "அந்த 'மட்டும்தான்' எனக்கு வேண்டாம் டாக்டர்" என்றாள் கடைக்குட்டி. வருகிற வியாழக்கிழமை ஆபரேஷன் என்று முடிவாயிற்று. வெளியே வந்து நாங்கள் ஆளுக்கொரு பன் சாப்பிட்டோம். இவ்வளவு மாதத்தில் அவள் இரண்டாவது பன் கேட்டது அன்றுதான்.

பக்கத்தில் நின்று நிலவரம் சொல்ல ஒரு ஆள் உள்ளே வரலாம் என்று டாக்டர் சொன்னார். மாப்பிள்ளை முடியாது என்றார்; அவர் விரலில் முள் குத்தினாலே சுவரைப் பிடித்துக்கொள்கிறவர், அது போக அவர் மூன்று வார்த்தை எதற்குப் போதும்? ஆகவே நான் போகிறேன். நிதானமாக நிற்கவும், கண்டதைக் கண்டபடி சொல்லவும் பயிற்சி பெற்றவள் இந்தக் குடும்பத்தில் நான் ஒருத்திதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்க முடியாது.

ஆகையால் அத்தை, தாழ்மையுடன் சொல்வது: முடிவு எடுத்தாகிவிட்டது. முடிவு எடுத்தவள் அவள். வியாழக்கிழமைக்கு முன்னால் கிளம்பி வர வேண்டாம். போனில் பறவையைப் பற்றிப் பேச வேண்டாம். சனிக்கிழமை வாருங்கள், அதற்குள் எல்லாம் ஒழுங்காக, திட்டப்படி, அமைதியாக முடிந்திருக்கும்.

மாமாவுக்கும் அவர் முழங்காலுக்கும் என் வணக்கம். பெரியவர்கள் நீங்கள் இருவரும் மனதார ஆசீர்வாதம் செய்யுங்கள். எந்த வழி என்று குறிப்பிடாமல் செய்யுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மூத்த மருமகள் முறைக்காரி

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டுவதற்குள் செவ்வாய்க்கிழமை காலையிலேயே வலி வந்துவிட்டது. பை அன்று பிரித்த நிலையில் இருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, குழந்தை சரியான வாட்டத்தில் இருக்கிறது, வேகமாக இறங்குகிறது, ஆபரேஷன் அறையும் தயாராக இருக்கிறது, எது வேண்டும் என்று கேட்டார். "நான் முழிச்சுட்டுத்தானே இருப்பேன்?" "இப்ப இருக்கற நிலவரத்துல, ஆமாம்." "அப்ப இப்படியே போகட்டும்" என்றாள் கடைக்குட்டி. நான் பக்கத்தில் நின்று நிலவரம் சொல்ல ஆரம்பித்தேன். "தலை தெரியுதுடி" என்று சொன்னது வரை எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு நான் தரையில் இருந்திருக்கிறேன். பிரசவ வலியோடு அவள், "முதல்ல எங்க அக்காவைப் பாருங்க" என்றாளாம். வேறு வழியில்லாமல் மாப்பிள்ளையை உள்ளே கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த மனுஷன் சுவரைப் பிடிக்கவில்லை, அத்தை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த பாஷையில், "இறங்குது, இறங்குது, அடுத்த மாடிக்கு வந்தாச்சு, கொஞ்சம் நிக்குது, பரவாயில்ல, மறுபடி கிளம்பிடுச்சு, கதவு திறக்குது, திறந்துடுச்சு, வெளிய வந்தாச்சு" என்று ஒரு வருடத்துக்கான வார்த்தைகளைக் கொட்டியிருக்கிறார். பையன். இருவரும் நலம். நான் கண் விழித்தபோது யாரோ, கிணற்றுக்கு மேலிருந்து பேசுகிற மாதிரி, ஆண் குழந்தை என்றார்கள்.

எல்லோரும் பார்த்தார்கள், நான் மட்டும் பார்க்கவில்லை. கடைக்குட்டி என்னைத் தன் கட்டிலில் உட்காரவைத்து, எப்படி அழுதான், தலையில் எவ்வளவு முடி, நர்ஸ் என்ன சொன்னாள் என்று முதலிலிருந்து சொன்னாள். இதுவரை மூன்று தடவை சொல்லிவிட்டாள். நிறுத்துகிற உத்தேசம் இருப்பதாகத் தெரியவில்லை. நானும் நிறுத்தச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரி முன்வாசல் வழியாக ஒரு வெள்ளைப் புறா நடந்து உள்ளே வந்ததாக மாப்பிள்ளை சொல்கிறார். நான் மயக்கத்தில் இருந்ததால் மறுக்க முடியவில்லை. சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம், உடனே கிளம்பி வாருங்கள். இந்த வாரம் மழைக்கு வாய்ப்பே இல்லை என்று திங்கட்கிழமை என் கையெழுத்துப் போட்டு அறிக்கை கொடுத்திருக்கிறேன். மறக்காமல் குடை எடுத்து வரவும்.