கோகிலன் சார் கொண்டுவந்த சட்டை

"சார், அங்கயே நில்லுங்க! அதோட உள்ள கால வெச்சீங்க, நான் சன்னல் வழியா குதிச்சிருவேன்!"

நூலக ஆசிரியை சரளா நாற்காலிமேல் ஏறி நின்றார். வாசலில் அறிவியல் ஆசிரியர் கோகிலன். அவர் கையில் தரையைத் தொடும் நீளத்துக்கு ஒரு பாம்புச் சட்டை.

"வெறும் தோல்லா டீச்சர். கடிக்காது."

"அதுக்குள்ள இருந்தது கடிக்கும்ல! எங்க புடிச்சீங்க இத?"

"புல்லு வெட்டுற ராமையா அண்ணே குடுத்தாரு."

மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இருவரும் சேர்ந்து ஊர்வன பாடம் நடத்தவேண்டும். தலைமையாசிரியை கலாதேவியின் உத்தரவு. சரளா புத்தகம் காட்டுவார், கோகிலன் நிஜத்தைக் காட்டுவார். சுங்கை சிப்புட் நகருக்கு வெளியே இருந்த அந்தப் பழைய தோட்டப் பள்ளிக்கு இதெல்லாம் புதுசு. பாடத்தைப் பார்க்கத் தலைமையாசிரியையே வருகிறார். மறுக்க வழியில்லை. சரளாவோ பாம்புப் படம் உள்ள பக்கங்களைக் கிளிப் போட்டு மூடிவைக்கிறவர்.

"மேசையில வெச்சு துணி போட்டு மூடிருங்க. கடைசியில காட்டலாம்."

கோகிலன் மூடினார். மேலே காத்தாடி சுற்றியதும் துணி மெல்ல எழும்பித் தாழ்ந்தது. எழும்பித் தாழ்ந்தது. ஏதோ மூச்சு விடுவதுபோல.

சரளா கத்தினார். "ஐயோ, பெட்டிக்குள்ள போடுங்க சார்!"

அட்டைப்பெட்டிக்குள் போனது. இப்போது சரசரவென்று ஒரு சத்தம். கண்ணில் படாமல் போனதும் பயம் இரட்டிப்பானது.

"காத்துலா டீச்சர்."

"அப்ப காத்தாடிய அடைங்க!"

அடைத்தார். சத்தம் நிற்கவில்லை.

இருவரும் பெட்டியைப் பார்த்தார்கள். "எலியா இருக்கும்," என்றார் கோகிலன். குரலில் தெம்பில்லை.

அந்த நேரம் பார்த்துப் பிள்ளைகளோடு கலாதேவி நுழைந்தார். "என்ன இப்படி வேகுது?" என்று காத்தாடியை முழு வேகத்தில் தட்டினார்.

பெட்டி மூடி பறந்தது. சட்டை எழுந்து மிதந்துவந்து, சரளாவின் தோளில் மாலையாக விழுந்தது.

சரளா போட்ட கூச்சலில் பிள்ளைகள் மேசைகள்மேல் ஏறினார்கள். அவர்களுக்கு முன்னாலேயே கலாதேவி ஒரு நாற்காலியைப் பிடித்துவிட்டார்.

பாப்பா என்ற சிறுமி மட்டும் தரையில் நின்றாள். சட்டையை உருவி எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "வெங்காயத் தோலு மாதிரி இருக்கு டீச்சர். தொட்டுப் பாருங்களேன்."

அத்தனை கண்களும் சரளாமேல். ஒற்றை விரலை நீட்டினார். தொட்டார். ஒன்றும் ஆகவில்லை. மெலிசாக, உலர்ந்து, பாவமாக இருந்தது. அவருக்கே சிரிப்பு வந்தது.

"பாருங்க பிள்ளைகளா, பாம்பு வளரும்போது பழைய சட்டையக் கழட்டிப் போட்டுட்டுப் போயிரும். இந்தச் சட்டைக்காரன் இந்நேரம் எங்கயோ செம்பனைக் காட்டுல எலி தேடிக்கிட்டு இருப்பான். இதுக்குப் போயி யாராவது பயப்படுவாங்களா?"

பிள்ளைகள் கைதட்டினார்கள். கலாதேவி புடவையைச் சரிசெய்துகொண்டு நாற்காலியிலிருந்து இறங்கினார். "அருமையான பாடம், சரளா. இது இனிமே லைப்ரரியிலயே இருக்கட்டும்."

ஏணியை வெளிச்சுவரில் சாய்த்துவிட்டு, ராமையா வாசலில் தலையை நீட்டினார்.

"கோகிலன் சார், கூரை ஒழுக்கு பாக்க ஏறுனேன். போன மாசம் எடுத்த அதே எடத்துல, இந்த லைப்ரரி சீலிங்குக்கு மேல, இன்னொரு சட்டை கெடக்கு சார்; இதுல இன்னும் ஈரங்கூடக் காயல."