நாலு வாளித் துரு

டிராக்டரின் அடிவயிற்றுத் திருகைப் போஸ்ட்மாஸ்டர் திறந்தபோது அரை வாளித் தண்ணீர்தான் வந்தது. அதுவும் குடிக்கலாம் போலத் தெளிவாக வந்தது. அவருக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது.

“துரு எங்கே?” என்று டிராக்டரிடமே கேட்டார்.

ஓய்வு பெற்ற கையோடு அவர் ஆசைப்பட்டு வாங்கிய டிராக்டர் அது. வயது நாற்பதுக்கு மேல். உழுவதற்குக் கையகல நிலம் கிடையாது. பால் வாங்க அதில்தான் போவார். ஒரு வாரமாகத் தெருமுனை தாண்டுவதற்குள் சூடேறி ஆவி விட்டது. மனைவியின் அண்ணன் போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

“ரேடியேட்டர் பூரா துரு அடைச்சிருக்கும் மாப்பிள்ளை. இனிமே தேறாது.”

அண்ணன் காயலாங்கடைக்காரர். அவர் வாயால் ‘தேறாது’ என்று வந்துவிட்டால் லாரி பின்னாலேயே வரும்.

“நாலு மணிக்கு அண்ணன் வராரு,” என்றாள் மனைவி, சமையலறை வாசலில் நின்றபடி. “அதுக்குள்ள சூடேறாம ஓடினா இருக்கட்டும். இல்லேன்னா லாரியில ஏறட்டும். சொல்லிட்டேன்.”

மாடியில் குடியிருக்கும் டீச்சர் கைப்பிடிச் சுவருக்கு மேல் தலையை நீட்டினார். “சார், அந்த விஷயம்...”

“அடுத்த வாரம்மா! கண்டிப்பா!”

எந்த விஷயம் என்று அவர் கேட்டதே இல்லை. மூன்று வருடமாக அது அடுத்த வாரத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

போஸ்ட்மாஸ்டர் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தோட்டக் குழாயில் பச்சை ஹோஸை மாட்டினார். மறுமுனையை ரேடியேட்டர் வாயில் செருகித் துணியால் இறுக்கிக் கட்டினார். தெளிவாக வந்ததெல்லாம் வெறும் பாசாங்கு. முப்பத்தைந்து வருடம் கவுன்டரில் உட்கார்ந்து மனிதர்களைப் பார்த்தவர் அவர். உள்ளே இருப்பது முதல் கேள்விக்கே வெளியே வந்துவிடுமா?

குழாயைத் திறந்தார். கீழே செங்கல் கரைத்தாற்போலத் தண்ணீர் கொட்டியது.

“மாட்டினியா!” என்று துள்ளினார்.

அரை மணி ஓடவிட்டார். நிறம் குறையவில்லை. சமையலறையிலிருந்து எலுமிச்சை உப்பைக் கொண்டுவந்து கொட்டினார். போதாதென்று சலவைச் சோடாவையும் மேலே கொட்டினார். இரண்டும் சேர்ந்து பொங்கிய நுரை, டிராக்டரை முழுக்காட்டி, இப்போதுதான் கழுவிவிட்ட முற்றத்தைக் கடந்து வாசற்படி ஏறியது.

“என்னங்க இது, வீட்டுக்குள்ள வருது!”

“வரட்டும். நாற்பது வருஷத்து அழுக்கு!”

அதற்குள் தொட்டி காலியாகிவிட்டது. மோட்டாரைப் போட்டு நிரப்பி மறுபடியும் திறந்தார். இந்தத் தடவை தண்ணீர் இன்னும் கெட்டியாக, வண்டலும் செதிலுமாக வந்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். ஆனால் போஸ்ட்மாஸ்டருக்குப் பயம் வரவில்லை. வியப்புத்தான் வந்தது. வாளி வாளியாகப் பிடித்துத் தெளியவைத்தார். முதல் வாளியில் பாதிக்குத் துரு படிந்தது. அடுத்ததில் முக்கால்.

அவர் டிராக்டரின் மூக்கைத் தடவினார். “இவ்வளவையும் வயித்துல வெச்சுக்கிட்டா என்னைத் தூக்கிட்டுப் போனே?”

கடைசி வழி ஒன்றுதான் பாக்கி. கீழிருந்து மேலாகத் தள்ளுவது. ஹோஸைக் கீழே மாற்றி, குழாயை முழுக்கத் திறந்தார். ரேடியேட்டர் வாயிலிருந்து ஆளுயரத்துக்குச் சிவப்பாக ஒரு ஊற்று எழும்பியது. வெள்ளைச் சட்டையும் வெள்ளை வேட்டியுமாக அண்ணன் அந்த நேரம் பார்த்துத்தானா கேட்டைத் திறக்க வேண்டும்?

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் அண்ணன் கோபப்படவில்லை. கன்னத்தில் வழிந்ததை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். பிறகு வரிசையாக நின்ற நாலு வாளிகளைப் பார்த்தார்.

“மாப்பிள்ளை, இதெல்லாம் இதுக்குள்ள இருந்தா வந்துச்சு?”

“எல்லாமே, மச்சான்!”

அண்ணன் ஒரு வாளியைத் தூக்கிப் பார்த்தார். தராசே தேவையில்லாத கை அது. “ரேடியேட்டர் எடையைவிடத் துரு எடை ஜாஸ்தியா இருக்கே! முப்பது வருஷமா இரும்போட புரளுறேன். இந்த மாதிரி ஒண்ணைப் பார்த்ததில்லை.” அவர் குரல் தணிந்தது. “இந்தத் துருவோட ஓடியிருக்குன்னா இது வண்டியே இல்லை மாப்பிள்ளை. இதை உடைச்சா எனக்குப் பாவம் வரும்.”

லாரியைத் திருப்பி அனுப்பினார்.

மனைவி முந்தானையால் டிராக்டரின் விளக்கைத் துடைத்தாள். “வாயில்லா ஜீவன். உள்ள என்ன இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லலை பாருங்க. என்னை மாதிரியே.”

ஐந்து மணிக்குத் தண்ணீர் வெளுத்தது. கொஞ்ச நேரத்தில் பளிங்காக வந்தது. போஸ்ட்மாஸ்டர் திருகை மூடி, முழுசாக ஒரு வாளி ஊற்றிக் கழுத்துவரை நிரப்பி, வண்டியைக் கிளப்பினார். தெருவை நாலு சுற்றுச் சுற்றினார். சூடு காட்டும் முள் பாதியிலேயே நின்றது. திரும்பி வந்து இறங்கினார். அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் டிராக்டரின் பக்கத்தில் போனார்.

மாடியில் ஈரத்தலையைத் துவட்டியபடி டீச்சர் எட்டிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“ரொம்ப தேங்க்ஸ் சார்! மூணு வருஷமா கேட்டுக்கிட்டிருந்தேன், இன்னைக்கு ஒரே நாள்ல மொட்டைமாடித் தொட்டித் துரு மொத்தத்தையும் இறக்கிட்டீங்களே!”