அல்த்தமீராவின் கற்பு மீன்

அல்த்தமீரா படகுத்துறையில் அன்று கால் வைக்க இடமில்லை. ஷிங்கு ஆறு கரை புரண்டபோதுகூட இத்தனை பேர் ஓடி வந்ததில்லை. வந்திருப்பவர் ஊர் ஊராகக் குறி சொல்லும் குரு, மெஸ்த்ரே அஸ்ட்ரோஜில்டோ ஆயிற்றே! கூடவே ஒரு கண்ணாடித் தொட்டி. அதற்குள் மனைவிமாரின் கற்பை அளந்து சொல்லும் மகா ஞானி, ஒரு கெளுத்தி மீன்.

கணவன் தன் கல்யாண மோதிரத்தைக் கழற்றித் தரவேண்டும். மெஸ்த்ரே அதை நூலில் கட்டி, கறுப்புத் துணி போர்த்திய தொட்டிக்குள் இறக்குவார். துணியில் ஒரு ஓட்டை. அதன் வழியே ஒரு மரப்பொந்து தெரியும். பொந்துக்குள் இருக்கும் மீன் சும்மா இருந்தால் மனைவி உத்தமி. பாய்ந்து வந்து முட்டினால், வீட்டுக்குள் வேற்று ஆண் வந்து போகிறான்! காணிக்கைக்கென்று மெஸ்த்ரே விற்ற மெழுகுவர்த்திகளில் பெரியதாக வாங்கியவர்களின் மனைவிமார் எல்லோரும் உத்தமிகளாகவே இருந்தார்கள். சின்ன மெழுகுவர்த்திக்காரர்களுக்குத்தான், பாவம், தலையெழுத்து சரியில்லை. கணவனைச் சோதிக்கவும் ஒரு மீன் உண்டா என்று எந்த ஆணும் கேட்கவில்லை. கேட்பார்களா?

துறையோரம் சூடாகத் தக்காக்கா சாறு விற்கும் வால்டெனிராவுக்கு இதைப் பார்க்கச் சிரிப்புத்தான் வந்தது, வீட்டுக்குப் போகும்வரை. அவளுடைய ஊஞ்சல் படுக்கை தெருவில் சுருண்டு கிடந்தது. வாசலில் அவள் கணவன் ஜெனேசியோ.

"முட்டிருச்சுடி! யாருடி அவன்?"

"விடிஞ்சா துறை, இருட்டினா வீடு. இதுல எவன்யா வருவான்?"

"மீன் பொய் சொல்லாது."

இவன் யார் தெரியுமா? வாயில் காற்றுக்குழாயைக் கவ்வி ஆற்றடிக்குப் போய், பாறைப் பொந்துகளில் கையை விட்டு இதே அக்காரி கெளுத்தியைப் பிடித்து விற்பவன். ஊரில் பாதி ஆண்களுக்கு அதுதான் பிழைப்பு. ஆற்றில் இருந்தவரை அது வெறும் மீன். கண்ணாடிக்குள் போனதும் ஞானி!

வால்டெனிராவுக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது. இத்தனை வருஷம் சேர்ந்து கட்டிய வீட்டை ஒரு மீனின் பேச்சைக் கேட்டு விட்டுக்கொடுப்பதா? படுக்கையைத் தோளில் போட்டுக்கொண்டு துறைக்கே திரும்பி நடந்தாள். ஜெனேசியோ பின்னாலேயே ஓடினான்.

கூட்டத்தைப் பிளந்து போனவள், தன் சாறுக் கரண்டியைத் தொட்டிக்குள் விட்டாள். மீன் பாய்ந்து வந்து முட்டியது.

"ஏன் மெஸ்த்ரே, என் கரண்டிக்கும் கள்ளப்புருஷன் இருக்கானா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"தங்கச்சி, ஞானியைச் சீண்டாதே. கை அழுகிப் போயிரும்!"

"அழுகட்டும். உங்க கழுத்துல தொங்குற அந்தோனியாரைக் கொஞ்சம் இறக்குங்க."

மெஸ்த்ரே தயங்கினார். அவள் தயங்கவில்லை. பதக்கத்தை வெடுக்கென்று கழற்றித் தண்ணீருக்குள் விட்டாள். மீன் புனிதரையும் முட்டியது.

"அடப்பாவமே, அவர் கல்யாணமே பண்ணிக்கலையே!"

அடுத்த கணம் துணியைப் பிடித்து இழுத்தாள். தொட்டியின் மறுகோடியில் இன்னொரு பொந்து, அதற்குள் இன்னொரு மீன். ஜெனேசியோவின் விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றி அங்கே இறக்கினாள். அந்த மீன் அசையவே இல்லை. ஒரு ஓரத்தில் பாவி, மறு ஓரத்தில் உத்தமி. துணியின் ஓட்டையை இந்தப் பக்கம் திருப்பினால் போதும், கற்பும் திரும்பிவிடும்!

"நீயே சொல்லுய்யா. இது என்ன, அது என்ன?"

ஜெனேசியோ குனிந்து பார்த்தான். முட்டிய மீனின் மூக்கில் கிளைகிளையாகச் சதைமுள். மற்றதற்கு மூக்கு மழமழவென்றிருந்தது. அவன் கை தானாக விரல் முட்டிகளின் பழைய தழும்புகளைத் தடவியது.

"முள்ளு இருக்கறது ஆணு," என்று முனகினான். "பொந்துக்குள்ள முட்டை கிடக்கும். கிட்ட எது வந்தாலும் முட்டும். மொழுக்குன்னு இருக்கறது பொட்டை. முட்டை போட்டுட்டுப் போயிரும், சண்டைக்கு வராது."

"சத்தமாச் சொல்லு!"

சொன்னான். சுற்றி நின்ற, மூழ்கி மீன் பிடிக்கும் ஆண்கள் எல்லோரும் தங்கள் கைத் தழும்புகளைப் பார்த்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் தெரிந்த விஷயம்! மெஸ்த்ரே ஞானிகளை அப்படியே போட்டுவிட்டுப் படகில் தாவினார். மெழுகுவர்த்திப் பெட்டியை மட்டும் மறக்கவில்லை.

ஜெனேசியோ அவள் தோளிலிருந்த படுக்கையை வாங்கக் கை நீட்டினான். வால்டெனிரா கொடுக்கவில்லை.

"இது உள்ளே தொங்கும். உன்னுது இன்னிக்கு வெளியே."

"வால்டெனிரா..."

"அந்த மீனுக்கு இருக்கறது ஒரு தலை. அதை வெச்சு அது தன் வீட்டைக் காப்பாத்துது. உனக்கும் ஒண்ணு இருக்கே, அது என்ன, தொப்பி மாட்டவா?"