வாங்கியவர்: லோகேஸ்வரி

கிள்ளானில் இருக்கும் அத்தை புஷ்பவல்லி அவர்களுக்கு, பிரிக்பீல்ட்ஸ் மாப்பிள்ளை திருமுருகன் வணக்கத்துடன் எழுதுவது. நேற்று சாயங்காலம் மணி 4.17-க்கு மெசேஜ் வந்தது: 'பார்சல் ஒப்படைக்கப்பட்டது. வாங்கியவர்: லோகேஸ்வரி.'

உங்க முட்டி வலியும் மாமாவோட சுகரும் கட்டுக்குள்ள இருக்கும்னு நம்பறேன்.

அத்தை, உங்க மக போயி மூணு மாசம் ஆச்சு. அவ எப்படி பார்சல் வாங்குவா? அதான் எனக்கு எல்லார் மேலயும் சந்தேகமா இருக்கு. ஞாயித்துக்கிழமை படையலுக்கு அவளோட மயில்கழுத்து கலர் சேலைய அனுப்பி வைங்கன்னு கேட்டீங்க. அவ ஆன்லைன்ல பிளவுஸ் வித்தப்ப வாங்குன குட்டி பிரிண்டர் வீட்டுலயே இருக்கு, அவ கொரியர் அக்கவுண்டுல போயி லேபல் அடிச்சு, ஒட்டி, கொரியர்காரன்கிட்ட குடுத்தேன். ரெண்டு நாள்ல பார்சல் எங்க கேட்டுல செக்யூரிட்டி இருக்கற கார்ட் ஹவுஸ்லயே வந்து ஒக்காந்திருக்கு. மறுபடி அடிச்சேன், மறுபடி வந்துச்சு. நேத்தோட மூணாவது தடவ. மொதல்ல பிரிண்டர் மேல சந்தேகப்பட்டேன், பேப்பர இழுக்கறப்பவே அதோட சத்தம் சரியில்ல. அப்புறம் அங்க காவலுக்கு இருக்கற பக்கிரிசாமி அங்கிள். "தம்பி, இன்னிக்கும் வந்திருக்கு"ன்னு சிரிக்கறாரு. எதுக்கு சிரிக்கணும்? நடுவுல எவனாச்சும் சேலைய மாத்திடுவான்னு டேப் மேல லோகாவோட நெய்ல் பாலிஷ்ல ஒரு புள்ளி வெச்சேன், கிச்சன் தராசுல எட போட்டேன். திரும்பி வந்தப்ப புள்ளி வெச்ச எடத்துலயே இருக்கு, எடயும் ஒரு கிராம் கொறையல. இவ்ளோ கரெக்டா இருந்தாலே சந்தேகம்தானே?

கொரியர்காரன் ஜாவித்த நிறுத்திக் கேட்டேன்.

"யார்கிட்ட குடுத்தே?"

"கார்ட் ஹவுஸ்ல வெச்சேன் பாஸ். லேபல்ல உள்ள பேர அடிச்சேன். பேரு கரெக்ட் தானே?"

"பேரு கரெக்ட். ஆளு இல்ல."

"ஓகே லா. எப்ப வருவாங்க?"

அவன் வண்டிய எடுத்துட்டுப் போயிட்டான்.

கடைசியா உங்க மகன் குகன். "மச்சான், கேடிஎம் ரயில் ஏறுனா ஒரு மணி நேரம், நீங்களே கொண்டாந்தா என்ன? கருமாதிக்கு அப்புறம் இந்தப் பக்கமே காணோம்"னு ஃபோன் போட்டு கேக்கறான். இவ்ளோ அக்கறையா கேக்கறவன நம்பலாமா? நீங்களே விசாரிங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள சேல வரலன்னா அதுக்கு நான் பொறுப்பில்ல.

மாமாவுக்கு என் வணக்கம். குகன் பிள்ளைங்களுக்கு என் அன்பு. எல்லாரும் நேரத்துக்கு சாப்பிடுங்க.

இப்படிக்கு,
மாப்பிள்ளை திருமுருகன்

பி.கு.: மேல எழுதுனதுல யாரையும் ஒண்ணும் கேக்காதீங்க அத்தை. பிரிண்டர் வாங்குன அன்னிக்கு லோகா தனக்குத்தானே ஒரு லேபல் அடிச்சுப் பாத்தா, வாங்கறவங்க எடத்துல அந்த பேரும் அட்ரஸும்தான் இன்னும் நிக்குது. மாத்தறதுக்கு ரெண்டு தட்டு போதும். நான் நெட்வொர்க் டெக்னீஷியன், மொத நாளே தெரியும். ஆனா ஒவ்வொரு தடவ லேபல் அடிக்கறப்பவும் ஃபிரிட்ஜ் மேல சார்ஜ்ல கெடக்கற அவ ஃபோன் டிங்குன்னு அடிக்குது, 'ஹாய் லோகேஸ்வரி, உங்க பார்சல் கெளம்பிடுச்சு'ன்னு. வீட்டுல அவ பேர சொல்றதுக்கு வேற யாரும் இல்ல. இந்த லெட்டருக்கும் லேபல் அடிச்சேன், அதுலயும் அவ பேருதான் வந்துச்சு. கிழிச்சுட்டேன். அதனால லெட்டரயும் நானே கொண்டாறேன், நீங்க இத படிக்கறப்ப நான் உங்க முன்னாடி சேலயோட நின்னுக்கிட்டு இருப்பேன். ஒண்ணும் கேக்காம சோறு போடுங்க. அவ ஃபோன ஆஃப் பண்ணிட்டேன்.