மணியடித்தால் அடங்கும்

கோபம் கொண்ட மாணாக்கரைத் தணிப்பதற்கான சான்றிதழ் பெறாத ஆசிரியர் எவரும், வரும் திங்கள் முதல் வகுப்பறைக்குள் நுழையலாகாது என்று ஆணை வந்தது. திருவாதவூர்ப் பக்கத்துப் பள்ளியில் இருபத்தோரு வருஷமாக ஒண்ணாம் வகுப்பைக் கட்டி மேய்க்கும் ஹம்சவேணி டீச்சர் அன்றைக்கே பயிற்சிக்குப் பேர் கொடுத்தார். அந்தப் பிள்ளைகளை விட்டால் அவருக்கு வேறு போக்கிடம் ஏது?

அவரிடம் ஏற்கெனவே ஒரு வைத்தியம் உண்டு. எந்தப் பிள்ளை தரையில் புரண்டு கத்தினாலும், "ராசா, நீ போயி மணி அடி" என்பார். வேப்பமரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டில் நாலு தட்டு. எம்புட்டுக் கோபமும் இறங்கிவிடும். நாலுக்கு மேல் மட்டும் கூடாது, நீளமாக அடித்தால் பள்ளி விட்டதாக அர்த்தம்.

பயிற்சி மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில், மூன்று நாள். "கோபப்படுறவங்க கிட்ட ரெண்டு முழம் தள்ளி நில்லுங்க. 'உங்க உணர்வு எனக்குப் புரியுது'ன்னு மூணு தடவை சொல்லுங்க" என்றார் பயிற்றுநர் வெங்கடேஷ்பாபு. இருநூறு பேரும் பயபக்தியோடு எழுதிக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் நிறைவு விழாவில்தான் வந்தது வினை. பெரிய அதிகாரி மேடையில் இருக்க, பொன்னாடை முதலில் அவருக்குக் கீழே இருக்கும் அதிகாரியின் தோளில் விழுந்துவிட்டது.

"எனக்கு ரெண்டாவது பொன்னாடையா? எவன்யா லிஸ்ட் போட்டது?" மைக் பறந்தது.

வெங்கடேஷ்பாபு இரண்டு முழம் தள்ளி நின்றார். "உங்க உணர்வு எனக்குப் புரியுது ஐயா."

"என்னய்யா புரிஞ்சுச்சு? நீயும் அவன் ஆளா?"

வெங்கடேஷ்பாபு கையேட்டைப் புரட்டினார். "இது ஆறு வயசுலருந்து பதினாலு வயசுக்குத்தான் போட்டிருக்கு" என்று முனகினார்.

ஹம்சவேணி விறுவிறுவென்று மேடையேறினார். "ஐயா, டீக்கு விடணும். நீங்க மணி அடிச்சாத்தேன் நல்லாருக்கும்."

மேடை மேசையில் இருந்த மணியை அதிகாரி அடித்தார். இருநூறு பேர் எழுந்தார்கள். தம் கையசைவுக்கு இம்புட்டுக் கூட்டம் எழுந்ததும் மனுஷனுக்கு வாயெல்லாம் பல்!

சான்றிதழ் வாங்கப் போனால் குமாஸ்தா கையை விரித்தார். "ஒங்களுக்கு இல்ல டீச்சர்."

"அவரைத் தணிச்சதே நாந்தானண்ணே?"

"அதேன் தப்பு. சான்றிதழ் வாங்குமுன்னயே தணிச்சுப்புட்டீக. அடுத்த பயிற்சி ஆடி கழிச்சு."

திங்களன்று ஒண்ணாம் வகுப்பு வாசலில் தலைமையாசிரியர் மலையாண்டி மறித்தார். "உள்ள போகாதீக டீச்சர், என் வேலைக்கு உலை வச்சிராதீக." உள்ளே நாற்பது பிள்ளைகளும் டீச்சரைக் கேட்டு அலற, சான்றிதழ் பெற்ற மலையாண்டி இரண்டு முழம் தள்ளி நின்று, "புரியுது, புரியுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஹம்சவேணிக்கு ரத்தம் கொதித்தது. ரெண்டாம் வகுப்புத் தங்கப்பொண்ணு ஜன்னல் வழியே பார்த்தாள். "டீச்சர், மூஞ்சி செவந்துபோச்சு. போயி மணி அடிங்க."

போய் அடித்தார். நாலு தட்டில் இறங்கவில்லை. நாற்பதில்தான் இறங்கியது. அதற்குள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் பையைத் தூக்கிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

பதினொரு மணிக்கு ஆய்வுக்கு வந்தார் அதே அதிகாரி. பள்ளியில் ஒரு சத்தம் இல்லை. கத்தல் இல்லை, அழுகை இல்லை. "பத்தரைக்கு நாப்பது தட்டு மணி அடிச்சோமய்யா, அம்புட்டுத்தேன்" என்றார் மலையாண்டி. உருகிப்போனார் மனுஷன்.

அடுத்த வாரமே சுற்றறிக்கை வந்தது. பயிற்சியின் முழுப்பயனை அடைந்த மேற்படி பள்ளியைப் பின்பற்றி, எல்லாப் பள்ளிகளிலும் தினமும் காலை பத்தரைக்கு நாற்பது முறை மணி அடிக்கப்பட வேண்டும். சான்றிதழ் பெற்றவர் மட்டுமே அடிக்க வேண்டும்.