மறை இரண்டிலிருந்து ஆறு வரை

"மே மொகத?"

இது என்னவென்று சிங்களத்தில் கேட்டுவிட்டு, சார்ஜன்ட் அந்தப் பிரிஸ்டல் போர்டை ரோட்டோர மேசையில் விரித்தார். அது மறுபடி சுருண்டுகொள்ளப் பார்த்தது. நாலு மூலைக்கும் நாலு கல்லைத் தூக்கி வைத்தார்.

அதை வரைந்த விஜயகலாவும் எட்டிப் பார்த்தாள். கவிழ்த்துப் போட்ட ஒரு பெரிய வளைவு. அதன் குறுக்கே ஒரு நேர்கோடு. கோடு வளைவை வெட்டுகிற இரண்டு இடத்திலும் இரண்டு புள்ளி, ஒன்றின் பக்கத்தில் -2, அதாவது மறை இரண்டு, மற்றதின் பக்கத்தில் 6. உச்சியில் இன்னொரு புள்ளி வைத்து 16 என்று எழுதியிருந்தாள். வளைவுக்கும் கோட்டுக்கும் நடுவில் அத்தனையும் சிவப்பு கிரேயான். நீலம்தான் அடிப்பதாக இருந்தாள், அது முன்னமே முடிந்து தொலைத்துவிட்டது.

"கணக்குங்க மஹத்தயா," என்றாள் நல்ல சிங்களத்தில்.

"கணக்கா?" சார்ஜன்ட் விரலை வளைவின்மேல் ஓட்டினார். "இது மலை. இந்தக் கோடு ரயில் பாதை. இந்த ரெண்டு புள்ளியும் டனலோட ரெண்டு வாசல். உள்ளுக்குச் சிவப்பு. என்னா கணக்கு இது?"

விஜயகலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவி மகள், அந்தச் சிரிப்பை மட்டும் அடக்கியிருக்கலாம்.

இரண்டாயிரத்தெட்டாம் வருஷம் அது. பஸ்ஸில் ஒரு சாப்பாட்டுப் பார்சலை மறந்துவிட்டு இறங்கினால் குண்டென்று ஊரே காலியாகிற யுத்த காலம். அவள் போகிற டவுனைத் தாண்டித்தான் ரயில் மலையேறத் தொடங்கும், மேலே டனல்கள் வரிசையாக இருக்கின்றன. ஆகையால் டவுனுக்குள் நுழைகிற எல்லா பஸ்ஸையும் நிறுத்தி, எல்லாரையும் இறக்கி, அடையாள அட்டையைப் பார்த்து, பையைக் குடைந்து பார்த்துத்தான் விடுவார்கள். அன்றைக்கு இறங்கிய நாற்பது பேரில் தமிழ்ப் பெயர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அந்தப் பெயரின் கையில் மலைப்படம் வேறு.

விஜயகலாவின் வீடு ருவான்வெல்லைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆறு வருஷமாகத் தொண்டர் ஆசிரியை. ஆசிரியை என்றால் மற்ற ஆசிரியர்கள் செய்கிற எல்லா வேலையும் உண்டு, நியமனம் மட்டும் கிடையாது. அந்த நியமனத்துக்கான நேர்முகப் பரீட்சை அன்றைக்குப் பத்து மணிக்கு, அதே டவுன் கல்விக் கந்தோரில். ஆளுக்கு ஒரு படம் கொண்டுவந்து ஐந்து நிமிஷம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும் என்று கடிதத்தில் போட்டிருந்தது. அவள் இருபடிச் சமனிலியை எடுத்துக்கொண்டாள். யாரும் தொடப் பயப்படுகிற பாடம், நன்றாக நடத்தினால் எடுபடும் என்று நினைப்பு. அடுத்த மாதம் அவளுக்கு முப்பத்தைந்து முடிகிறது. முடிந்துவிட்டால் அப்புறம் விண்ணப்பம்கூடப் போட முடியாது. இதுதான் கடைசி வண்டி.

மணி எட்டேகால்.

"சிரிப்பு என்னா சிரிப்பு?" என்றார் சார்ஜன்ட்.

"இல்லீங்க மஹத்தயா, இது மலை இல்ல. ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் கொறை. அது எங்கருந்து எங்க வரைக்கும்னு கண்டுபிடிக்கிற கணக்கு."

"எந்தப் பக்கம் கூட?" சார்ஜன்டின் குரல் மாறியது. "யாருக்குக் கொறை?"

"யாருக்கும் இல்லீங்க. சைபரை விடக் கூட."

"இவ்வளவு நல்லா சிங்களம் பேசுறியே, யாரு சொல்லிக் கொடுத்தா?"

பிறந்ததிலிருந்து சிங்களக் கிராமத்துக்கு நடுவிலிருக்கிற தோட்டத்தில் வாழ்கிறவளிடம் கேட்கிற கேள்வியா இது! சிங்களம் பேசாவிட்டால் ஏன் பேசவில்லை என்பார்கள், பேசினால் எங்கே பழகினாய் என்பார்கள். நேர்முகப் பரீட்சைக் கடிதத்தை எடுத்து நீட்டினாள். சார்ஜன்ட் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கம்ப்யூட்டர் இருந்தா இந்த மாதிரிக் கடிதம் யாரும் அடிக்கலாம். ஏறு ஜீப்புல."

பொலிஸ் நிலையத்தில் அவளுடைய பையையும் கடிதத்தையும் ஓர் அலுமாரியில் வைத்துப் பூட்டினார்கள். சுமனா என்ற பெண் கான்ஸ்டபிள் அவளைத் தலைமுதல் கால்வரை தடவிச் சோதித்துவிட்டு வாங்கில் உட்கார வைத்தாள். நிலையப் பொறுப்பதிகாரி ஓ.ஐ.சி. ஒன்பது மணிக்கு வந்தார். அதட்டவில்லை, கத்தவில்லை. மென்மையாகப் பேசுகிற மனிதர். விஜயகலாவுக்கு அதுதான் கூடுதல் பயமாக இருந்தது.

"கணக்குன்னா செஞ்சு காட்டு, பார்ப்போம்."

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. ஆறு வருஷமாகச் செய்கிற வேலை இதுதானே! ஒரு தாளை வாங்கி மளமளவென்று எழுதினாள்.

12 + 4x - x² > 0

"இதை மறை ஒன்றால பெருக்கணும். அப்படிப் பெருக்கினா குறியும் திரும்பிடும், கூடன்னு இருந்தது கொறைன்னு ஆயிடும்."

x² - 4x - 12 < 0

"இப்ப காரணி பிரிச்சா, (x - 6)(x + 2) < 0. அதனால எக்ஸ் வந்து மறை இரண்டுக்கும் ஆறுக்கும் நடுவுல இருக்கணும். படத்துலயும் அதேதாங்க சிவப்பு அடிச்சிருக்கேன்."

ஓ.ஐ.சி. தாளைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார்.

"ஒரே விஷயத்தை ஏன் ரெண்டு விதமா எழுதி வச்சிருக்கே? படம் ஒண்ணு, எழுத்து ஒண்ணு."

"ரெண்டு வழியிலயும் ஒரே விடை வந்தாத்தாங்க சரின்னு நம்பலாம்."

"நாங்களும் அப்படித்தான் விசாரிப்போம்," என்றார் ஓ.ஐ.சி. "யாரு அந்த எக்ஸ்?"

"யாரும் இல்லீங்க. தெரியாத ஒண்ணுக்கு அப்படிப் பேர் வைக்கிறது."

"தெரியாத ஆளுக்குப் பேர் வச்சு, எங்கருந்து எங்க வரைக்கும் இருக்கணும்னு எழுதியிருக்கே. ஆறுங்கறது மணியா? பதினாறு பேரா?"

வாயைத் திறந்தால் வினை, மூடினால் அதைவிட வினை. சார்ஜன்ட் அதற்குள் அந்தத் தாளையும் சாட்சிப் பொருள் என்று எழுதி, படத்தோடு சேர்த்துக் குத்திவிட்டார். படம் மட்டும் இருந்தபோது சந்தேகம். தாளும் சேர்ந்ததும் வழக்கு.

அவளுக்கு நல்லையாவின் மருமகன் நினைவு வந்தது. அடுத்த லயம். டோர்ச் லைட் பற்றரியும் துண்டு வயரும் பையில் வைத்திருந்தான் என்று பிடித்துக்கொண்டு போனார்கள். இரண்டு வருஷம் கழித்துத்தான் விட்டார்கள். இன்றைக்கும் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து சுவரோரம் போய் நிற்கிறான்.

"மஹத்தயா, கணக்குத் தெரிஞ்ச யாரையாவது கூப்பிட்டுக் கேட்டுப் பாருங்களேன்," என்று கும்பிட்டாள்.

ஓ.ஐ.சி. நியாயமான மனிதர். உடனே போனை எடுத்து யாரிடமோ பேசினார். முக்கால் மணி நேரம் கழித்து ஜீப் ஒருவரைக் கொண்டுவந்து இறக்கியது. வெள்ளை முழுக்கை சட்டை, பைக்குள் இரண்டு பேனா, முகத்தில் சிடுசிடுப்பு. எல்லாரும் எழுந்து "சேர்" என்றார்கள். கணக்கில் பெரிய ஆள் போலிருக்கிறது என்று விஜயகலாவும் எழுந்து நின்றாள். கும்பிடப் போன தெய்வம் ஜீப்பிலேயே வந்து இறங்கியதுபோல் அவளுக்கு ஒரு நிம்மதி.

"சேர், எனக்குப் பத்து மணிக்கு…"

"எனக்கும்தான் பத்து மணிக்கு வேலை இருந்துச்சு! அதை விட்டுட்டுத்தான் வந்து நிக்கிறேன்," என்று எரிந்து விழுந்தார் அவர். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. எங்க அந்தப் படம்?"

அவர் உட்கார்ந்து, அவளுடைய தாளைத் தள்ளி வைத்துவிட்டு, புதுத் தாளில் தானே முதலிலிருந்து போட்டார். ஓ.ஐ.சி. ஒரு பக்கம், சார்ஜன்ட் ஒரு பக்கம் குனிந்து நின்றார்கள். மறை ஒன்றால் பெருக்கினார். விஜயகலா மூச்சைப் பிடித்துக்கொண்டு பேனா முனையையே பார்த்தாள். பன்னிரண்டு திரும்பியது, நாலு திரும்பியது, எக்ஸ் வர்க்கம் திரும்பியது. குறி மட்டும் திரும்பவில்லை.

x² - 4x - 12 > 0 என்று எழுதிவிட்டு மனிதர் அதே வேகத்தில் கீழே போய்விட்டார்.

"எக்ஸ் மறை இரண்டை விடக் கொறையணும், இல்லாட்டி ஆறை விடக் கூடணும். அப்ப வெளிப்பக்கந்தானே சிவப்பு அடிக்கணும்? இங்க உள்ளுக்கு அடிச்சிருக்கு." பேனாவை மூடினார். "படம் ஒண்ணு சொல்லுது, கணக்கு வேற ஒண்ணு சொல்லுது."

ஓ.ஐ.சி. மெதுவாகத் திரும்பி விஜயகலாவைப் பார்த்தார்.

பேசாமல் இருந்திருக்கலாம் அவள். ஆனால் ஆறு வருஷமாகப் பிள்ளைகளின் கொப்பியில் இதே பிழைக்குச் சிவப்புச் சுழி போட்ட கை சும்மா இருக்குமா!

"சேர், குறி திரும்பணும்."

"என்ன?"

"மறையால பெருக்கினா சமனிலிக் குறி திரும்பணுங்க சேர். வேணும்னா எக்ஸுக்குச் சைபரைப் போட்டுப் பாருங்க. சைபர் உள்ளுக்குத்தான் இருக்கு. பன்னிரண்டு வரும், சைபரை விடக் கூட. ஏழைப் போடுங்க, அது வெளிய இருக்கு. பன்னிரண்டும் இருபத்தெட்டும் நாற்பது, அதுல நாற்பத்தொன்பது போனா மறை ஒன்பது. அப்ப உள்ளுக்குத்தானே சரி?"

சார்ஜன்ட் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, "அப்ப இந்தப் புள்ளை சொல்றது…" என்று தொடங்கினார்.

கணக்கு சேரின் காது இரண்டும் சிவந்துபோயின. சரியென்று அவருக்கு விளங்கிவிட்டது, அது முகத்திலேயே தெரிந்தது. விளங்கியதுதான் வினை. ஒரு பொலிஸ் நிலையமே பார்த்துக்கொண்டிருக்க, ஒரு லயத்துப் பெண்ணிடம் பிழை திருத்தம் வாங்கிக்கொண்டு போவாரா அவர்? படத்தை உருட்டி மேசையில் போட்டார்.

"ஓ.ஐ.சி. மஹத்தயா, நான் இருபத்தாறு வருஷமா கணக்குப் பார்க்கிறேன். இது கணக்கே இல்ல. நீங்க வேற என்ன செய்யணுமோ செய்யுங்க."

அவ்வளவுதான். ஓ.ஐ.சி. மேசை லாச்சியைத் திறந்து ஒரு நீளமான படிவத்தை எடுத்தார்.

"கொழும்புக்கு அனுப்ப வண்டி இருக்கா பார்," என்றார் சார்ஜன்டிடம். அதே மென்மையான குரல்.

சுமனா தண்ணீர் கொடுக்கிற சாக்கில் விஜயகலாவின் பக்கத்தில் குனிந்தாள்.

"நங்கி, உனக்கு வீடு வேணுமா, விடை வேணுமா? சேர் சொன்னது சரின்னு சொல்லிட்டுப் போயேன்."

வாங்கிய தண்ணீரை அப்படியே வாங்கில் வைத்தாள். உள்ளுக்குத்தான் சரி. உலகத்தில் எந்தப் பொலிஸில் கேட்டாலும் சைபர் போட்டால் பன்னிரண்டுதான் வரும். அவளுக்கு அழுகையை விட ஆத்திரம்தான் பொங்கியது. ஆனால் பன்னிரண்டா வந்து கொழும்பிலிருந்து அவளை மீட்டுக்கொண்டு போகப்போகிறது?

"சேர்," என்று எழுந்தாள். "மன்னிச்சுக்குங்க. நீங்க சொன்னதுதான் சரி. நான்தான் பிழையாப் போட்டுட்டேன்."

"குறி?"

"திரும்பாதுங்க சேர்."

"படம்?"

"வெளியதான் சிவப்பு அடிக்கணும். எனக்கு இந்தப் பாடம் சரியாத் தெரியாதுங்க. தெரியாம வரைஞ்சுட்டேன்."

கணக்கு சேரின் முகம் சட்டென்று தெளிந்தது. பெருந்தன்மையாகத் தலையை ஆட்டினார்.

"கணக்குதான், மஹத்தயா. ஆனா பிழையான கணக்கு. தெரியாத ஆள் போட்டது. வேற ஒண்ணுமில்ல."

"அப்ப அதை எழுத்துல தரட்டும்," என்றார் ஓ.ஐ.சி.

வாக்குமூலம் மூன்று வரி. இந்தப் படத்தை வரைந்தது நானே. இருபடிச் சமனிலி எனக்குச் சரியாகத் தெரியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இது அறியாமையால் நேர்ந்த பிழையே தவிர வேறு நோக்கம் கிடையாது. விஜயகலா மூன்று பிரதியிலும் கையெழுத்து வைத்தாள். தன் பெயரை எழுதுவது இவ்வளவு கூசும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கந்தோரை விட்டு வந்ததற்கு அத்தாட்சி வேண்டும் என்று கணக்கு சேர் ஒரு பிரதியை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறினார். அவளுக்கு ஜீப் இல்லை. பையையும் கடிதத்தையும் திருப்பிக் கொடுக்கவும், பதிவுப் புத்தகத்தில் அப்பா பேர், தோட்டத்துப் பேர், லயத்து நம்பர் எல்லாம் எழுதிக்கொள்ளவும் இன்னும் ஒரு மணி நேரம் பிடித்தது.

வெளியே வந்தபோது மணி பன்னிரண்டரை. ரோட்டென்றும் பாராமல் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். முடிந்திருக்கும், எல்லாரும் போயிருப்பார்கள், பூட்டிய கதவைத்தான் பார்க்கப் போகிறோம் என்று மனசு அடித்துக்கொண்டது. இருந்தாலும் கால் நிற்கவில்லை.

கல்விக் கந்தோர் விறாந்தையில் பத்துப் பன்னிரண்டு பேர் சுருட்டிய படங்களோடு வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள்!

"என்னங்க, இன்னும் முடியலியா?" என்று மூச்சிரைக்கக் கேட்டாள்.

"எங்க முடியிறது? இன்டர்வியூ போர்டே இப்பதான் உக்காந்திச்சு," என்று ஒரு பெண் சலித்துக்கொண்டாள். "காலையிலருந்து காய்ஞ்சு கெடக்கோம்."

விஜயகலாவுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. கடவுளே, நீ கண்ணைத் திறந்துட்டே! படம் பொலிஸில் போய்விட்டது. போகட்டும், கரும்பலகை இருக்கிறது, சோக் இருக்கிறது. குறி திரும்பும் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்துவிடலாம். முகத்தைத் துடைத்துக்கொண்டு, கடிதத்தைக் கதவோரம் நின்ற பியூன் ஸஹாப்தீனிடம் நீட்டினாள்.

வயசான மனிதர். மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பட்டியலில் விரலை ஓட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது. அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க இனி உள்ளுக்குப் போகத் தேவையில்ல மிஸ், போர்டுட கணக்கு சேர் பொலிஸிலருந்து வந்த கையோட, பாடம் தெரியாதெண்டு நீங்க எழுதிக் குடுத்தத ஃபைல்ல குத்தி, உங்கட இன்டர்வியூ முடிஞ்சிதெண்டு கையெழுத்தும் வச்சிட்டாரே."