முயலுக்கு சாக்லேட் கொடுத்த ஸ்பீக்கர் நானா

காரைக்காலில் ரகசியம் என்ற சரக்கே கிடைக்காமல் போனதற்கு முழுக் காரணம் எங்கள் எதிர்வீட்டு ஸ்பீக்கர் நானாதான். நம்பாதவர்கள் எங்கள் தெருவில் ஒரு வாரம் குடியிருந்து பாருங்கள்.

இங்கே முஸ்லிம் வீடுகளில் அண்ணனை நானா என்பார்கள். இவர் தெருவுக்கே நானா. சார்ஜாவில் பல வருஷம் கிரேன் ஓட்டிவிட்டு வந்தவர். கிரேன் சத்தத்தில் காது போனதோ, பிறவியிலேயே அப்படியோ, போனை ஸ்பீக்கரில் போடாமல் அவருக்குப் பேச வராது. அதையும் வாசலில் நின்றுதான் பேசுவார். மகன் சார்ஜாவிலிருந்து சலாம் சொன்னால் தெருவில் நாலு வீட்டிலிருந்து பதில் சலாம் போகும். நெரவியில் அவர் சொந்தக்காரப் பையனுக்குப் பெண் பார்த்தபோது, ‘பொண்ணுக்குப் புடிக்கலியாம் சார்’ என்று எங்கள் பால்காரர் வருத்தத்தோடு எனக்குச் சொன்னார். மாப்பிள்ளைக்கு மறுநாள்தான் தெரிந்தது.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். என்னால் பொறுக்க முடியாதது வேறு. மகள் யாழினி ஆசைப்பட்டாளே என்று ஒரு வெள்ளை முயல் வாங்கி வந்தேன். பேர் பஞ்சு. கூண்டு அடித்தது நான், புல் அறுப்பது நான், கழுவிவிடுவதும் நான். என்னைக் கண்டால் பஞ்சு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்ளும். எதிர்வாசலில் ‘ஹலோ’ என்று ஒரு கத்தல் கேட்டால் போதும், காதைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு ஓடும். அவர் வந்து தரையில் உட்கார்ந்தால் மடியில் ஏறிவிடும். எனக்கு வயிறு எரியும். முயலை விடுங்கள், என் மனைவி செல்வி? எனக்கு ஆறிப்போன டீ, அவருக்கு மட்டும் இஞ்சி தட்டிப் போட்ட டீ.

“ஏன், எனக்கு இஞ்சி கிடையாதா?”

“நீங்க என்னைக்குக் கேட்டீங்க? அவரு குடிச்சிட்டு நல்லாருக்குன்னு எவ்ளோ சந்தோஷமா சொல்றாரு.”

இந்த லட்சணத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மகன் அனுப்பிய பையோடு நானா வந்தார். யாழினிக்கு ஒரு பெரிய கறுப்பு சாக்லேட். அவள் கவரைப் பிரித்ததும் பஞ்சு மூக்கை ஆட்டியது. அவ்வளவுதான், நானாவுக்கு மனசு கேட்கவில்லை. ஒருத்தர் பார்த்துக்கொண்டிருக்கத் தனியாகத் தின்பது அவர்கள் வீட்டில் வழக்கமில்லையாம். ஒரு துண்டை உடைத்து நீட்டினார். பஞ்சு மென்று முழுங்கியது.

“முயலுக்கு சாக்லேட் விஷம்ங்க, தெரியுமா?” என்றேன். எப்போதோ போனில் படித்தது. மனுஷன் வசமாக மாட்டினார் என்று உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது, பொய் சொல்வானேன்.

அந்தக் குளுமை கொஞ்ச நேரம்தான். பஞ்சு மூலையில் போய் முதுகைக் கூனி உட்கார்ந்துவிட்டது. புல்லை நீட்டினால் முகத்தைத் திருப்பியது. யாழினி அழ ஆரம்பித்தாள். வாந்தி எடுக்க வைக்கலாம் என்று செல்வி உப்புத்தண்ணீர் கலந்துகொண்டு ஓடி வந்தாள். நானா தனக்குத் தெரிந்த கால்நடை டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில்தான்.

“சாக்லேட் கொடுத்தது யாரு?” என்று கேட்டார் டாக்டர். அவர் சேலம் பக்கத்துக்காரர்.

“நானா” என்றாள் யாழினி தேம்பிக்கொண்டே.

“ஆமாம்மா, உன்னைத்தான் கேக்கறேன்.”

“நானா, டாக்டர்!”

“நீதாம்மா. பயப்படாம சொல்லு, நீதான் கொடுத்தியா?”

குழந்தை இன்னும் பெரிதாக அழுதாள். நானா போனை வாய்க்கருகில் கொண்டுபோனார். “புள்ளைய கேக்காதீங்கம்மா. நானான்னு சொல்றது என்னையத்தான். கொடுத்த பாவி நான்தான்” என்றார். தெரு முழுக்கக் கேட்டது.

“சரி, கேளுங்க. முயலுக்கு வாந்தி எடுக்கவே வராது. உப்புத்தண்ணி, எண்ணெய், பால் எதையும் வாயில ஊத்திடாதீங்க. மிச்ச சாக்லேட்டையும் அந்தக் கவரையும் எடுத்துக்கிட்டு முயலோட உடனே கிளம்பி வாங்க.”

செல்வி டம்ளரைக் கீழே வைத்தாள். ‘முயலுக்கு வாந்தி வராதாம்’ என்று வாசலில் ஒரு குரல், அடுத்த வாசலில் இன்னொரு குரல். நான் ஸ்கூட்டரைக் கிளப்புவதற்குள் செய்தி கடற்கரைப் பட்டினச்சேரி வரைக்கும் போயிருக்கும்.

டாக்டர் கவரைப் படித்துப் பார்த்தார். எவ்வளவு தின்றது, எப்போது தின்றது என்று கேட்டார். மருந்து கொடுத்தார். “இனிமே தீனி தின்னணும், புழுக்கை போடணும். இது ரெண்டும் நின்னா ஆபத்து. துளி சோர்ந்தாலும் மறுபடி தூக்கிட்டு வந்துடுங்க” என்றார்.

வீட்டுக்கு வந்து எல்லோரும் கூண்டைச் சுற்றி உட்கார்ந்தோம். ஒரு புழுக்கைக்காக நான் அப்படிக் காத்திருந்தது அன்றுதான். வாசலில் நாலு பேர், ‘போட்டுச்சா? போட்டுச்சா?’ என்று. நானா மதியச் சாப்பாட்டுக்கு எழுந்து போகவில்லை. செல்வி கொண்டுவந்த இஞ்சி டீ ஆறிக்கிடந்தது.

“தம்பி, இதுக்கு ஏதாச்சும் ஆயிட்டா இந்தப் புள்ள மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? அப்புறம் இந்த வீட்டுப் படி ஏற முடியுமா?” என்றார். கண் கலங்கியிருந்தது. அந்தப் படியை அவர் ஏறாமல் இருக்கவேண்டும் என்றுதானே நான் மாசக்கணக்கில் ஆசைப்பட்டேன்? அப்போது அதைக் கேட்க எனக்கு சகிக்கவில்லை.

சாயங்காலத் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குச் சற்று முன்னால், பஞ்சு எழுந்து உடம்பைச் சிலுப்பிக்கொண்டு, மிளகு மிளகாகப் போட்டது. “அல்ஹம்துலில்லாஹ்” என்றார் நானா. வாசலில் கைதட்டினார்கள். யாழினி ஒரு பக்கம் புல்லை நீட்டினாள், நான் ஒரு பக்கம் நீட்டினேன். அந்த நன்றிகெட்டது இரண்டையும் தாண்டிப் போய் நானா கையிலிருந்து தின்றது. மறுபடி வயிறு எரிந்தது, ஆனால் அழுகையும் வந்தது.

இப்போது நானா சார்ஜாவில் இருக்கிறார். மகனுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. போன மாதமே திரும்பவேண்டியவர், ‘இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டு வர்றேனே தம்பி’ என்கிறார். வீடியோவில் பார்த்தேன், அந்தப் பொடியன் அவர் மடியில் காலை நீட்டிப் படுத்திருக்கிறான். என் வயிற்றெரிச்சல் மொத்தமும் இப்போது அவன் மேல்தான்.

பஞ்சு நன்றாகத்தான் தின்கிறது. நேற்றுகூட ஒரு கொத்தமல்லிக் கட்டை முழுசாக முடித்தது. ஆனாலும் போன் வந்தால் யாழினிக்கு முந்தி எடுத்து, ‘சரியாவே சாப்பிட மாட்டேங்குது நானா, நீங்க வந்தாத்தான் சரிப்படும்’ என்று நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.